இறக்கையை விட்டு இலையைப் பார்ப்போம்

(பேசின் பிரிட்ஜ் பகுதிப் பள்ளி ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லித் தருபவர்களும் பத்தாம் வகுப்புக்கு மரபியல் நடத்துபவர்களும் ஒன்றாக அமர்ந்திருக்கும் கூட்டம் இது. எனவே எல்லோருக்கும் பொதுவான கேள்விகளோடு தொடங்குகிறேன். தமிழ்நாட்டின் மாநில விலங்கு எது? வரையாடு. பறவை? மரகதப்புறா. மரம்? பனை. மலர்? செங்காந்தள். வண்ணத்துப்பூச்சி? தமிழ் மறவன். நன்று. நம் பிள்ளைகளும் இதே வேகத்தில் ஒப்பிப்பார்கள். வினாடி வினா என்றால் கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வருவார்கள்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. தமிழ் மறவனின் புழு எந்த இலையைத் தின்று வளர்கிறது?

அரங்கம் அமைதியாகிவிட்டது. இதில் வருத்தப்பட ஏதுமில்லை. நாம் படித்த பொது அறிவுப் பட்டியல்கள் எல்லாம் பெயரோடு நின்றுவிடுபவை. ஆனால் அந்தப் பூச்சி எங்கே வாழ்கிறது, ஏன் அங்கே மட்டும் வாழ்கிறது, நாளைக்கு இருக்குமா என்ற மூன்றுக்கும் விடை அந்த இலையில்தான் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

தமிழ் மறவனின் வீடு

தமிழ் மறவனை நம் அரசு 2019-ஆம் ஆண்டு மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. மகாராட்டிரம், உத்தராகண்ட், கர்நாடகம், கேரளம் ஆகியவற்றுக்கு அடுத்து, தனக்கென ஒரு வண்ணத்துப்பூச்சியை அறிவித்த ஐந்தாவது மாநிலம் தமிழ்நாடு. இதன் அறிவியல் பெயர் சிர்ரோக்ரோவா தாயிஸ். மறவன் என்றால் வீரன். இறக்கைகள் நல்ல ஆரஞ்சு நிறம், ஓரங்களில் கரும்பழுப்புக் கரை. இறக்கையை விரித்தால் ஆறேழு சென்டிமீட்டர் இருக்கும்; நம் உள்ளங்கையில் அடங்கிவிடும்.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இலங்கையிலும் இது வாழ்கிறது. அடர்ந்த மரநிழலும் ஈரமும் உள்ள இடம்தான் இதற்குப் பிடிக்கும். காட்டுப் பாதையில் மரங்களுக்கு இடையே வெயில் விழும் இடத்தில் வந்து இறக்கையை விரித்துக் குளிர் காயும். ஆண் பூச்சிகள் ஓடைக்கரை ஈரமண்ணில் அமர்ந்து உப்புகளை உறிஞ்சும். சில பருவங்களில் பெருங்கூட்டமாகப் பறப்பதையும் பார்த்திருக்கிறார்கள்.

இதெல்லாம் இறக்கை முளைத்த பிறகான வாழ்க்கை. அதற்கு முன்னால், உடலெங்கும் முள் முளைத்த ஒரு புழுவாக இது வளர்கிறது. அப்போது அதற்கு வேண்டியது நீரடிமுத்து மரத்தின் இலை. கேரளத்தில் அந்த மரத்தை மரோட்டி என்பார்கள். அறிவியல் பெயரில் ஹிட்னோகார்பஸ். மலைக்காட்டில் ஓடையோரங்களில் வளரும் நடுத்தர உயர மரம். கெட்டியான ஓடுள்ள உருண்டைக் காய். உள்ளே நெருக்கமாக விதைகள். அந்த விதையில் எண்ணெய்.

நீரடிமுத்து எண்ணெய்

இந்த எண்ணெயின் கதை சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கும் வேதியியல் ஆசிரியர்களுக்கும் உதவும். 1940-களில் டாப்சோன் என்ற மருந்து புழக்கத்துக்கு வரும்வரை, தொழுநோய்க்கு உலகம் நம்பியிருந்தது இந்தப் பேரின மரங்களின் விதை எண்ணெயைத்தான். குடித்தால் குமட்டும், ஊசியாகப் போட்டால் தோலுக்கடியில் கட்டிக்கொள்ளும். அமெரிக்காவின் ஹவாய்க் கல்லூரியில் வேதியியல் கற்பித்த ஆலிஸ் பால் என்ற இளம் கறுப்பினப் பெண், உடல் ஏற்றுக்கொள்ளும்படி அந்த எண்ணெயை மாற்றும் முறையைக் கண்டுபிடித்தார். 1916-இல் 24 வயதிலேயே இறந்துபோனார். அவருடைய முறையைக் கல்லூரித் தலைவர் அவர் பெயரைச் சொல்லாமலே வெளியிட்டார். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அந்தப் பெயர் வெளியே வந்தது. நமக்குப் பக்கத்தில், செங்கல்பட்டு திருமணி தொழுநோய் மருத்துவமனையிலும் இந்த எண்ணெய் ஊசியாகப் போடப்பட்டது.

ஒரு மரம் மனிதனுக்கு மருந்து கொடுத்திருக்கிறது, ஒரு பூச்சிக்கு உயிரே கொடுக்கிறது. மருந்துக்கு நாம் மாற்று கண்டுபிடித்துவிட்டோம். தமிழ் மறவனால் அப்படிச் செய்ய முடியாது. ஓடையோரக் காட்டை வெட்டித் தோட்டப்பயிர் வைத்தால் அங்கேயும் பச்சை இருக்கும், பூ இருக்கும், தேன்கூட இருக்கும். நீரடிமுத்து இருக்காது. அந்தத் தலைமுறையோடு அங்கே தமிழ் மறவன் முடிந்துபோகும். பூந்தோட்டம் வைத்தால் வண்ணத்துப்பூச்சியைக் காப்பாற்றிவிடலாம் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்வது பாதிதான் சரி. பூ விருந்தினர் வந்து போகும் சாப்பாட்டுக்கடை. குடும்பம் நடத்துவதற்கு வீடு வேண்டும். அந்த வீடு இலை.

பேசின் பிரிட்ஜில் ஏன் இல்லை?

ஏழாம் வகுப்பில் தமிழ் மறவன் படத்தைக் காட்டி, “இது நம்ம ஏரியாவுல ஏன் இல்ல?” என்று கேட்டேன். பதில்கள் கொட்டின. “புகை டீச்சர்.” “கால்வா நாத்தம் தாங்காது டீச்சர்.” “டிரெயின் சத்தத்துக்கு ஓடிப்போயிருக்கும்.” ஒரு பெண் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “நல்ல எடத்துலதான் டீச்சர் அதெல்லாம் இருக்கும்” என்றாள்.

அந்த நான்காவது பதிலை நாம் எல்லோரும் கவனிக்க வேண்டும். சென்ட்ரலிலிருந்து புறப்படும் ரயில்கள் கடந்து செல்லும் இடம் நம் ஊர். ரயில் பெட்டிகளைக் கழுவும் யார்டு, பக்கிங்காம் கால்வாய், எரிவாயுச் சுழலி மின்நிலையம், கிடங்குகள், லாரிகள். நம் பிள்ளைகளின் வீட்டார் துறைமுகத்திலும் யார்டிலும் சந்தையிலும் உழைப்பவர்கள். இயற்கை என்றால் ஊட்டி, கொடைக்கானல், பாடப்புத்தகத்தில் வரும் பச்சை மலை. அது தங்களுக்கு உரியதில்லை என்ற எண்ணம் பன்னிரண்டு வயதுக்குள் அவர்கள் மனத்தில் ஊறிவிடுகிறது. இந்த எண்ணத்தை மாற்றாமல் உயிரியல் நடத்தினால், மதிப்பெண் வரும், வேறொன்றும் வராது.

தமிழ் மறவன் இங்கே இல்லாததற்குப் புகையும் வெயிலும் காரணம் என்று சொல்லலாம்தான். ஆனால் முதல் காரணம், இங்கே நீரடிமுத்து மரம் இல்லை. முட்டையிட வந்த தாய்ப்பூச்சி இலைமேல் அமர்ந்து காலால் தட்டிப் பார்க்கும். சுவை அறியும் உணர்விழைகள் அதன் காலில் இருக்கின்றன. தன் பிள்ளை தின்னக்கூடிய இலைதானா என்று காலாலேயே ருசி பார்த்து உறுதி செய்துகொண்டுதான் முட்டை வைக்கும். வேறு இலையில் பொரிந்த புழு பெரும்பாலும் பட்டினி கிடந்து செத்துப்போகும்.

இந்த விதியைப் புரிந்துகொள்ள மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போக வேண்டியதில்லை. பள்ளிக்கு வெளியே வந்து தண்டவாளத்து ஓரம் பார்த்தால் போதும்.

தண்டவாளத்து எருக்கு

ரயில் பாதை ஓரமும் கால்வாய்க் கரையிலும் யாரும் நடாமல் யாரும் நீர் ஊற்றாமல் நிற்கிறது எருக்கு. அதைச் சுற்றித் தாழப் பறக்கும் ஆரஞ்சு நிறப் பூச்சியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முன்னிறக்கை நுனி கறுப்பு, அதில் வெள்ளைப் பட்டை. இதற்குத் தமிழில் வெந்தய வரியன் என்று பெயர். ஏறத்தாழ 3,300 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் நெபாமுன் என்பவரின் கல்லறைச் சுவரில் தீட்டிய ஓவியத்தில் பறக்கும் வண்ணத்துப்பூச்சியும் இதுதான். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருப்பதை நம் பிள்ளைகள் பிளாட்பாரத்து ஓரம் பார்க்கிறார்கள்.

இதன் தாய்ப்பூச்சி எருக்கிலையின் அடிப்பக்கத்தில் பெரும்பாலும் ஒவ்வொன்றாக முட்டையிடும். கடுகைவிடச் சிறிய வெள்ளை முட்டை. மூன்று நான்கு நாளில் பொரியும். புழுவின் முதல் சாப்பாடு அதன் முட்டையோடுதான். பிறகு இலை, இலை, இலை. நான்கு முறை தோலுரித்து ஐந்து நிலைகளைத் தாண்டும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்களோடு, முதுகில் மூன்று இணைக் கறுப்புக் கொம்பிழைகளோடு இருக்கும். மயிர் கிடையாது, அரிக்காது. கம்பளிப்புழு என்று பொதுவாகச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். எல்லாப் புழுவும் கம்பளி போர்த்தியதில்லை.

எருக்கம்பாலில் இதயத்தைத் தாக்கும் நச்சுப் பொருள்கள் உண்டு. ஆடுகூட அந்தச் செடியைப் பெரும்பாலும் தொடாது. புழு அந்த நஞ்சைத் தின்று தன் உடலில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பறக்கும்போதும் அது உடலில் இருக்கிறது. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை கிட்டே வராது. அதனால்தான் வெந்தய வரியன் அவசரமே இல்லாமல் மெதுவாகப் பறக்கிறது. இந்தப் பாதுகாப்பைத் திருடிக்கொள்ளும் பூச்சியும் இருக்கிறது. பருப்புக்கீரையில் வளரும் வேறோர் இனத்தில், ஆண் கறுப்பில் வெள்ளைத் திட்டுகளோடு இருக்கும். பெண்ணோ அச்சு அசலாக வெந்தய வரியன்போல இருக்கும். உடலில் நஞ்சு இல்லை, உடுப்பு மட்டும் கடன்.

கறிவேப்பிலைத் தொட்டி

எருக்கு இல்லாத பள்ளி இருக்கலாம். கறிவேப்பிலை இல்லாத தெரு இருக்காது. குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில்கூட ஒரு பெயிண்ட் வாளியில் கறிவேப்பிலை நிற்கிறது. அதன் கொழுந்தில் பறவை எச்சம்போல ஏதோ ஒட்டியிருந்தால் துடைத்துப் போடாதீர்கள். அது கறிவேப்பிலை அழகியின் இளம்புழு. எச்சம்போல இருந்து பறவையை ஏமாற்றும். வளர்ந்ததும் பச்சை நிறமாகி இலையோடு கலந்துவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவை போன்ற ஓர் உறுப்பை நீட்டும்; நெடி அடிக்கும்.

இதன் பெண் பூச்சிகள் மூன்று உருவங்களில் வரும். ஒன்று ஆணைப்போலவே இருக்கும். இன்னொன்று ரோஜா அழகி என்ற பூச்சியைப்போல. மூன்றாவது சிவப்புடல் அழகியைப்போல. அந்த இரண்டு அழகிகளும் ஈஸ்வரமூலிக் கொடியின் நஞ்சைத் தின்று வளர்ந்தவை, பறவைகள் அஞ்சுபவை. ஒரே இனத்துக்குள் எப்படி மூன்று உடை? பாலினப் பண்புகளைத் தீர்மானிக்கும் ஒரே மரபணுவின் வேறுபாடுகளே இதற்குக் காரணம் என்று பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் கிருஷ்ணமேக் குண்டேயும் அவரோடு ஆய்ந்தவர்களும் 2014-இல் வெளியிட்டார்கள். பத்தாம் வகுப்பில் மரபணு பற்றி நடத்தும்போது பட்டாணிச் செடியோடு நிறுத்திக்கொள்ளாமல் இந்தப் பெயிண்ட் வாளியையும் காட்டலாம்.

இன்னும் சில இணைகளைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். எலுமிச்சையில் எலுமிச்சை அழகி. சரக்கொன்றையில் கொன்னை வெள்ளையன். அரளியில் வெண்புள்ளிக் கருப்பன். இதன் கூட்டுப்புழு வெள்ளிக் கிண்ணம் தொங்குவதுபோல மின்னும். பூச்சியின் பெயரை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். செடியைத் தெரிந்துகொண்டால் பூச்சி தானே வந்து பெயர் சொல்லும்.

மலையிலிருந்து வரும் விருந்தாளிகள்

தமிழ் மறவன் இங்கே வராது. ஆனால் மலைக்காட்டிலிருந்து நம் பக்கம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் போன்றவை தென்னிந்தியாவில் வலசை போகும் பூச்சிகள். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன்னால் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே சமவெளிக்கு இறங்கும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டித் திரும்பும். வரியன் வகைகள் நகரத்தின் மேலாகச் சாரிசாரியாகப் போவதைச் சென்னையிலும் பார்க்கலாம். அரை கிராம்கூட எடையில்லாத உயிர் மழையைக் கணக்குப் பார்த்துப் பயணம் போகிறது. போகிற வழியில் இறங்கி இளைப்பாறவும் தேன் குடிக்கவும் செடி வேண்டும். மலையைக் காப்பாற்றுவது வனத்துறையின் வேலை, நமக்கு இதில் பங்கில்லை என்று நாம் சொல்ல முடியாது.

வகுப்பறையில் செய்யக்கூடியது

அகன்ற வாயுள்ள பாட்டில் ஒன்று, மேலே கட்ட வலைத்துணி, ரப்பர் வளையம். செலவு இவ்வளவுதான். எருக்கிலையில் இருக்கும் புழுவை இலையோடு எடுத்து வையுங்கள். ஒரு வகுப்புக்கு இரண்டு போதும். தினமும் புது இலை, தினமும் எச்சத்தைக் கொட்டித் துடைத்தல். உள்ளே ஒரு குச்சி சாய்த்து வைக்க வேண்டும். இலை பறிக்கும் வேலையை ஆசிரியரே செய்யுங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இரண்டு வாரத்தில் புழு தலைகீழாகத் தொங்கும். அடுத்த நாள் கடைசித் தோலை உரிக்கும், உள்ளே கூட்டுப்புழு. இந்த இடத்தில் ஒரு திருத்தம் வேண்டும். “புழு கூடு கட்டி அதற்குள் தூங்குகிறது” என்று நாம் சொல்கிறோம். பட்டுப்புழு கூடு கட்டும். வண்ணத்துப்பூச்சி கட்டுவதில்லை. தொங்குவது கூடு அன்று, அந்த உயிரின் உடலே அதுதான். தூக்கமும் இல்லை. உள்ளே பழைய உறுப்புகள் பல கரைந்து புது உறுப்புகள் உருவாகும் கடும் வேலை நடக்கிறது. எட்டுப் பத்து நாளில் ஓடு கண்ணாடிபோலத் தெளிந்து இறக்கை நிறம் தெரிந்தால், மறுநாள் காலை வெளிவரும். சிவந்த நீர் சொட்டும். இரத்தம் என்று பிள்ளைகள் அலறுவார்கள். அது சேர்ந்திருந்த கழிவு. இறக்கை காயும்வரை யாரும் தொடக் கூடாது. பிறகு எருக்கு நிற்கும் இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தினமும் ஒரு படம் வரையட்டும். ஆறாம் வகுப்பில் நீளத்தை அளந்து வரைபடம் போடட்டும். கணக்கு ஆசிரியர் சேர்ந்துகொள்ளலாம். எட்டாம் வகுப்பில் உணவுச் சங்கிலி. உயர்நிலையில் போலி உருவமும் இயற்கைத் தேர்வும். தமிழாசிரியர்கள் நாட்குறிப்பு எழுத வைக்கலாம்.

எல்லாம் நல்லபடியாக முடியும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். எங்கள் வகுப்பில் ஒரு முறை கூட்டுப்புழு கறுத்துப்போய், பாட்டிலின் அடியில் ஈக்கள் பறந்தன. “டீச்சர், பட்டாம்பூச்சி வரல, ஈ வந்துச்சு” என்று ஒரு பையன் அழுதேவிட்டான். புழுவாக இருந்தபோதே அதன் உடலில் முட்டை வைக்கும் ஒட்டுண்ணி ஈக்கள் உண்டு. “அந்த ஈயோட அம்மாவும் தன் பிள்ளைக்கு வீடுதான் தேடிச்சு” என்றேன். வகுப்பு வெகுநேரம் பேசவில்லை. பிறகு அந்தப் பையனே கேட்டான்: “அப்ப ஈ இல்லன்னா எருக்கிலை எல்லாத்தையும் புழுவே தின்னுடுமா டீச்சர்?” உணவு வலைப் பாடத்தை நான் நடத்த வேண்டியிருக்கவில்லை. அவன் நடத்திவிட்டான்.

ஒரு வேண்டுகோள்

ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் வளாகத்தைச் சுத்தம் செய்கிறோம். முதலில் வெட்டுப்படுவது மதிலோரத்து எருக்கு. களை என்று பெயர் வைத்துவிட்டால் எதையும் வெட்டலாம். வெட்டிய இடத்தில் சிமெண்ட் கல் பதிக்கிறோம், தொட்டியில் அழகுச் செடி வைக்கிறோம், பூச்சி அரிக்காமல் மருந்தும் அடிக்கிறோம். பிறகு உள்ளே போய், வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியைக் கரும்பலகையில் வரைகிறோம். கரும்பலகையில் நான்கு படமும் இருக்கும். வெளியே முதல் படத்துக்கு இடமே இருக்காது.

கொசு உற்பத்தியாகாமலும் பாம்பு அடையாமலும் வளாகம் இருக்க வேண்டும் என்பது சரிதான். அதற்காக ஒரு செடியைக்கூட விட்டுவைக்க முடியாது என்று ஆகிவிடாது. சின்னப் பிள்ளைகள் கைவைக்காத மூலையில் ஒரு எருக்கு. சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்தில் இரண்டு கறிவேப்பிலை. சமைக்கிற அக்காவுக்கும் பயன்படும். இடமிருந்தால் ஒரு எலுமிச்சை. இந்த மூன்றின் முன்னாலும் ஒரு சின்னப் பலகை: “இந்த இலையில் யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.” சுற்றுச்சூழல் மன்றப் பிள்ளைகளிடம் பொறுப்பைக் கொடுங்கள். இலையில் ஓட்டை விழுந்தால் செடி கெட்டுவிட்டது என்று நாம் நினைக்காமல் இருந்தால் போதும். ஓட்டை விழுந்த இலை, பள்ளிக்கு ஒரு குடும்பம் வந்திருக்கிறது என்பதற்கு அடையாளம்.

“நல்ல எடத்துலதான் இருக்கும்” என்று சொன்ன அந்தப் பெண் இப்போது எட்டாம் வகுப்பு. யார்டு மதிலோரம் எந்த எருக்கில் எத்தனை புழு என்று கணக்கு வைத்திருக்கிறாள். நீரடிமுத்து மரத்தை நேரில் பார்க்க வேண்டும் என்கிறாள். ஒரு நாள் அவளை மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கூட்டிப்போக முடிந்தால், மற்றவர்கள் இறக்கையைத் தேடி மேலே பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் இலையைத் திருப்பிப் பார்ப்பாள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பள்ளியில் எந்தச் செடியில் எந்தப் புழுவைக் கண்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் நம் பகுதிக்கென்று ஒரு பட்டியல் கிடைக்கும். அதை நம் பிள்ளைகள் கண்ணால் பார்த்து எழுதியதாக இருக்கட்டும்.